நாழியளவு தண்ணீர்

எங்கள் வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். மணியாச்சியிலிருந்து கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இருந்தும் கரிசலைத் தோண்டினால் ஊறி வருவது பாத்திரம் கழுவத்தான் ஆகும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு ஊருணி. சித்திரையில் ஊருணியும் வற்றிச் சேறாகிவிட்டால் பெண்கள் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போவார்கள். எனக்கு உப்பு என்பது கடலைப் பார்ப்பதற்கு முன்பே, எங்கள் கிணற்றின் ருசியாகத்தான் அறிமுகமானது.

முதன்முதலாகக் கடலைப் பார்த்தது எனக்கு மொட்டை போட்ட நாளில். மணியாச்சியில் ரயிலேறித் திருநெல்வேலி போய், அங்கே மாறித் திருச்செந்தூர் வண்டி பிடித்தோம். ஆச்சி, அம்மா, மாமா, கட்டுச்சோற்று மூட்டை. கடலில் முழுகும்போது வாயில் தண்ணீர் புகுந்துவிட்டது. நான் துப்பிவிட்டு, "நம்ம கிணத்துத் தண்ணி" என்றேனாம். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

கடலில் முழுகிய ஈரத்தோடு எல்லாரும் நாழிக்கிணற்றுக்குப் போனோம். படியிறங்கிப் போனால் ஒரு பெரிய கிணறு. அதற்குள்ளே ஓரடிச் சதுரத்தில், குழந்தை எட்டிப் பார்க்கும் அளவில் இன்னொரு கிணறு. ஒருவர் சின்ன வாளியில் மோந்து மோந்து ஆளுக்குக் கொஞ்சம் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது ஆச்சி தன் உள்ளங்கையைக் குவித்து அதில் கொஞ்சம் வாங்கி என் வாயருகே நீட்டினாள்.

"குடிச்சுப் பாருலே."

"இனிக்குது ஆச்சி."

"இனிக்கவா செய்யுது? நம்ம ஊருணித் தண்ணி மாதிரி இருக்கு."

எட்டிப் பார்த்தால் அலை தெரிகிற தூரம். இங்கே எப்படி நல்ல தண்ணீர், அத்தனை தூரத்தில் நம் கிணற்றில் எப்படி உப்பு என்று நான் நச்சரித்திருக்க வேண்டும். சூரனோடு போரிட்ட படைவீரர்களின் தாகத்துக்கு முருகன் வேலால் குத்தி எடுத்த ஊற்று என்று மாமா கதை சொன்னார். ஆச்சி அதை மறுக்கவில்லை. ஈரச் சேலையைப் பிழிந்தபடி, "அளவா மோந்து எடுக்காக. அதான் கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நாற்பது வருஷமாக, வேலைக்காகவும் வேண்டுதலுக்காகவும் சும்மாவும், வேம்பார் தொடங்கிக் குமரிமுனை வரைக்கும் இந்தக் கரையில் அலைந்திருக்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் ஒவ்வொரு கரையிலும் திரும்பத் திரும்பப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

*

கரிசல்காட்டுக்காரர்கள் யாரும் "கடலுக்குப் போகிறோம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. செந்தூருக்குப் போகிறோம், மாதா கோயிலுக்குப் போகிறோம், குலசைக்குப் போகிறோம், உவரிக்குப் போகிறோம் என்பார்கள். கடல் அந்த ஊர்களின் வாசலில் கிடக்கும். போகிறவர்கள் எதையாவது இறக்கிவைக்கப் போகிறார்கள்: நேர்த்திக்கடன், செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும், பிள்ளையின் முடி, தீராத வியாதி, மனசுக்குள் கிடக்கிற ஒரு பாரம். இறக்கிவைத்த பிறகு மணலில் உட்கார்ந்து புளியோதரை தின்கிற அந்த அரைமணி நேரந்தான் எங்கள் ஓய்வு. ஓய்வுக்கென்று தனியாக ஊர் கட்டத் தெரியாத சனங்கள் நாங்கள். ஆனால் ஓய்வு இன்னதென்று அறியாதவர்கள் இல்லை.

மேல்நாட்டிலும் ஆதியில் இப்படித்தான் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1750-களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீரில் குளிப்பதையும் அதைக் குடிப்பதையும் நோய்க்கு மருந்தாக எழுதிக்கொடுத்தார். நோயாளிகள் கூடிக் கூடித்தான் பிரைட்டன் என்ற மீன்பிடி ஊர் பெரிய கடற்கரை நகரமானது. 1841-ல் லண்டனிலிருந்து அங்கே ரயில் வந்தது. அதன்பின் நோயில்லாதவர்களும் போனார்கள். உடம்பை இறக்கிவைக்கப் போன இடம் பொழுதைக் கழிக்கிற இடமாக மாறியது. கடற்கரை விடுதி என்று உலகம் இன்று அறிந்திருப்பது அங்கிருந்து கிளம்பிய வழக்கம்.

எங்களுக்கும் ரயில் வந்தது, 1876-ல். மதுரையிலிருந்து தெற்கே வரும் பாதை மணியாச்சியில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தூத்துக்குடிக்கு, மற்றது திருநெல்வேலிக்கு. சென்னையிலிருந்து கிளம்பும் போட் மெயில் இந்தச் சந்திப்பைக் கடந்து தூத்துக்குடி போய்ச் சேரும். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை இலங்கைக்கு ரயில்வழி இதுதான். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் கடை வைக்கப் போனவர்களும் எங்கள் கரிசலைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

1911 ஜூன் 17 அன்று, கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு இதே மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். பிள்ளைகளைப் பார்க்கக் கொடைக்கானல் போகிற பயணம். இந்த ரயிலடியில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார், தன்னையும் மாய்த்துக்கொண்டார். தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டதன் கணக்கும் அந்தத் துப்பாக்கியில் இருந்தது. கடலில் யார் கப்பல் விடலாம் என்ற வழக்கு, கடல் கண்ணுக்கே தெரியாத எங்கள் ரயிலடியில் வந்து முடிந்தது. நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று படிக்கும்போதெல்லாம், இந்தக் கரிசலும் அந்தக் கடலும் ஒரே வீட்டின் முற்றமும் கொல்லையும் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

*

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் வண்டியில் தட்டப்பாறை, மீளவிட்டான் என்று ஊர்கள் வரும். கறுத்த மண், அதில் சீமைக்கருவேலம், பிறகு மெல்ல மண் வெளுத்துக்கொண்டே போகும். காற்றில் ஒரு கனம் ஏறும். எங்கள் ஊரில் காற்றுக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் அங்கேயும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். ஐப்பசியில் கொண்டல் வீசினால் சம்சாரி வானத்தைப் பார்த்து விதைப்பெட்டியை எடுப்பான். அதே கொண்டலைப் பார்த்து வள்ளக்காரர் இன்றைக்குக் கடல் ஆகுமா ஆகாதா என்று யோசிப்பார். ஒருவர் நிலத்துக்குள் போகலாமா என்றும், மற்றவர் நீருக்குள் போகலாமா என்றும் ஒரே காற்றிடம் கேட்கிறார்கள்.

தூத்துக்குடி என்றால் முத்து என்பார்கள். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. குளிப்பவரின் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு மச்சினனுக்குத்தான் என்று அந்த ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கையின் தாலி கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண்ணை அயர மாட்டான். உயிரைக் கடலுக்குள் இறக்கும்போது உறவைக் கரையில் நிறுத்திவைத்த ஏற்பாடு அது.

ஆனால் அந்த ஊரைப் பற்றி என் மனசில் முதலில் வருவது தண்ணீர்ச் செய்திதான். கடலை வாசலில் வைத்திருந்த அந்த நகரம் குடிநீருக்குத் தவித்தது. பஞ்சகாலத்தில் கடம்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிவந்து ஊருக்குக் கொடுத்தார்கள் என்று இன்றும் பேசுகிறார்கள். கடம்பூர் எங்களுக்கு வடக்கே அடுத்தாற்போல் இருக்கிற ஊர். அந்தத் தண்ணீர் வண்டியும் மணியாச்சியைத் தாண்டித்தான் போயிருக்கும். வறண்ட கரிசல், கடல் பார்த்த ஊருக்குத் தண்ணீர் வார்த்தது. நகராட்சித் தலைவராக இருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தது 1927-ல். அந்த மனிதரின் சிலையைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நிற்பேன். மாலையில் ரோச் பூங்காவில் காற்று வாங்குகிறவர்களும் முத்துநகர் கடற்கரையில் சுண்டல் தின்கிற பிள்ளைகளும் தாகமில்லாமல் விளையாடுகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒருவரின் பாடு இருக்கிறது.

ஆடியில் பனிமய மாதா கோயில் திருவிழா. ஆகஸ்ட் 5 அன்று நிறைவு. முதல் பனிமய மாதா கோயில் 1582-ல் எழுந்தது, இப்போதிருப்பது 1713-ல். பனியே பார்க்காத ஊரில் பனியின் பெயரால் ஒரு தாய். கரிசலிலிருந்து இந்துக்களும் குடும்பத்தோடு போவார்கள். எங்கள் தெருவில் ஒரு மதினி வருஷந்தோறும் உப்பும் மிளகும் வாங்கிப் போட்டுவிட்டு, திரும்பும்போது ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிவருவார். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்த அந்தக் கூம்பு வாயில் வைத்ததும் கரையும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கடித்துப் பழகிய எங்கள் பல்லுக்கு அது வேறொரு நாட்டுப் பண்டம்போல இருக்கும்.

*

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் இறங்கினால் முள்ளக்காட்டில் உப்பளங்கள். வெயிலுக்கு ஆசைப்பட்டுக் கடற்கரை போகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இந்தக் கரையின் வெயிலைக் காசாக்கித் தருகிறவர்கள் யாரென்று பார்க்க விரும்பினால் விடியலுக்கு முன் இங்கே வர வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தி கண்ணைக் கூசவைக்கும் கண்ணாடியாகிவிடும். அதனால் இருட்டிலேயே வேலை தொடங்குகிறது. நீண்ட கம்பில் பலகையைக் கட்டிப் பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். சர்ரென்ற அந்தச் சத்தம், ஈரத்தில் வெடித்துக் கிடக்கும் கால்கள். ஒரு அக்காவிடம், "செருப்புப் போடக்கூடாதா அக்கா?" என்று கேட்டேன். "பாத்தியில வழுக்கிரும் தம்பி. காலு பழகிருச்சு" என்றார். பழகியது கால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் அந்த வேலையும் கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்ததே 2022-ல்தான்.

அங்கே நான் கற்றுக்கொண்ட ஒன்று. இந்த உப்பளங்களில் பலவற்றுக்குக் கடல்நீர் வருவதில்லை. பூமியில் குழாய் இறக்கி, நிலத்தடியில் கிடக்கும் உவர்நீரை மோட்டாரால் இறைத்துப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். காலடியில் கடலைவிடக் கரிக்கிற தண்ணீர். மண்ணுக்குள்ளே உப்புக்கும் நன்னீருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் கிணறு அந்தப் பங்கில் உப்புப் பக்கம் விழுந்தது. நாழிக்கிணறு எப்படித் தப்பியது?

இதற்கு விடை கிடைத்த இடம் விசித்திரமானது. வடகடல் ஓரம் ஜெர்மனியில் சில தீவுகள் கடற்கரை ஓய்விடங்களாகப் பெயர் பெற்றவை. அங்கே வருகிற கூட்டத்துக்குக் குடிநீர் எப்படிக் கொடுப்பது என்று ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1901-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே ஒல்லாந்தின் கைபனும் அதே முடிவுக்கு வந்திருந்தார். விஷயம் எளிமையானது. நன்னீர் லேசு, கடல்நீர் கனம். மணலில் இறங்கிய மழைநீர், அடியில் கிடக்கும் கடல்நீர்மேல் எண்ணெய்போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பைத் தள்ளிவைத்திருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே ஓரடித் தண்ணீரை இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். ஆழமாகத் தோண்டினால் உப்பு, அவசரமாக இறைத்தால் உப்பு. ஆழம் குறைவாக, வாய் சிறிதாக, நிதானமாக மோந்தால் நன்னீர். கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்கள் மணலைக் கையால் பறித்து ஊற்று எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முழங்கை ஆழம்தான். "இதுக்குக் கீழ பறிச்சா கரிக்கும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். ஜெர்மானியர் கணக்குப் போட்டுச் சொன்னதை அவர் முழங்கையால் அளந்து வைத்திருந்தார். ஆச்சி இரண்டு வாக்கியத்தில் சொன்னாள்.

*

இந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிய பிறகு, ஒவ்வொரு கரையும் தன் நல்ல தண்ணீரை எங்கே ஒளித்துவைத்திருக்கிறது என்று தேடுவதே என் பயணமாகிவிட்டது.

காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில், பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர ஒடுக்கமான முடுக்குகள் உண்டு. கடற்கரையில் மாலையானால் குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஊரில் 2023 டிசம்பர் 17, 18-ல் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 65 சென்டிமீட்டர்தான். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, 800 பேர் வரை வெள்ளத்தின் நடுவே சிக்கிக் கிடந்தார்கள். பக்கத்து ஊர்ச் சனங்கள் தங்கள் வீடு மிதக்கும்போதே அவர்களுக்குச் சோறு பொங்கினார்கள். ஒரு வருஷத் தண்ணீரை ஒரே நாளில் கொடுத்தால் நிலத்தால் வாங்கிக்கொள்ள முடியாது. கொடுப்பதற்கும் அளவு வேண்டும்.

திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காடு. குதிரைமொழித் தேரியில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டியவரை செம்மணல், அலை அலையாக, உறைந்த கடல் மாதிரி. இடையில் பனையும் முந்திரியும். பெய்கிற மழையை ஒரு சொட்டுவிடாமல் உறிஞ்சிக்கொள்கிற மணல் அது. எங்கள் கரிசல் மழைக்கு ஊறிப் பசையாகி வாயை மூடிக்கொள்ளும், தண்ணீர் மேலேயே தேங்கும். தேரி வாயைத் திறந்தே வைத்திருக்கிறது. மேலப்புதுக்குடியில் தேரிக்குள் இருக்கும் சாமியின் பெயர் அருஞ்சுனை காத்த அய்யனார். பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அரிய சுனையைக் காத்த அய்யனார். செம்மணலுக்கு நடுவே ஒரு சுனை, அதைக் காப்பதே தெய்வத்தின் வேலை. பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் சாஸ்தாவைத் தேடி எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் அங்கே வந்து பொங்கலிடுவார்கள். குலதெய்வம் என்று அவர்கள் கும்பிடுவதில் ஒரு பாதி அந்தச் சுனைக்கு உரியது என்று நான் நம்புகிறேன். அந்தத் தேரி குடித்த மழைதான் பனையின் வேரில் ஏறி உடன்குடிக் கருப்பட்டியாக நம் கைக்கு வருகிறது.

இன்னும் தெற்கே குலசை என்கிற குலசேகரன்பட்டினம். தசராவுக்கு மாலை போட்டு, காளியாகவும் குறவனாகவும் குரங்காகவும் வேடம் கட்டி வருகிறவர்கள் வீடுவீடாகப் போய்க் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் சேர்ப்பார்கள். கடைசி இரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். மணலே தெரியாத கூட்டம். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் மணப்பாடு. எனக்கு இந்தக் கரையிலேயே பிடித்த ஊர். நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டி, அதன் நுனியில் ஒரு மேடு. மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், 1581-ல் எழுந்தது. ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் கருமேனியாறு வந்து தேங்கும் அமைதியான கழி. வண்ணநிலவன் 'கடல்புரத்தில்' நாவலுக்கு எடுத்துக்கொண்ட ஊர் இது. இப்போது அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் வருகிறார்கள். தெருவில் பெண்கள் பனையோலையைச் சாயமேற்றிப் பெட்டி முடைந்துகொண்டிருப்பார்கள்.

மேட்டின் கடலோரச் சரிவில் ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த இடம் என்று வணங்குகிறார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மெழுகுவத்தி வாசனை, ஈரக் கல். ஓரத்தில் ஒரு சிறு கிணறு. முதல்முறை போனபோது அங்கிருந்த அம்மா கயிற்றில் கட்டிய சின்னப் பாத்திரத்தில் மோந்து என் கையில் ஊற்றினார். குடித்தேன். ஐந்து வயதில் ஆச்சியின் உள்ளங்கையில் குடித்த அதே தண்ணீர். அலை பாறையில் மோதும் சத்தம் குகைக்குள் அதிர்ந்துகொண்டிருக்க, நான் கொஞ்சநேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

முருகன் பெயரால் ஒன்று, அய்யனார் பெயரால் ஒன்று, சவேரியார் பெயரால் ஒன்று. மூன்றுக்கும் கதை வேறு, கும்பிடும் கை வேறு. ஆனால் மூன்று இடத்திலும் மக்கள் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். கடலோரத்தில் கிடைத்த நல்ல தண்ணீரைக் கண்டதும், இதைக் கண்டபடி இறைத்துவிடக் கூடாது என்று அதன் தலைமாட்டில் ஒரு தெய்வத்தையோ புனிதரையோ உட்காரவைத்துவிட்டார்கள். அந்தப் பக்தியில் கணக்கும் அடங்கியிருக்கிறது. இந்தக் கரைகள் ஒவ்வொன்றும் தனி முகத்தோடு இருப்பதற்கும், அவற்றுக்கு நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தும் அவை தேய்ந்துபோகாமல் இருந்ததற்கும் அந்த அளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

*

தேயத் தொடங்கியிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில வருஷம் முன்பு இந்தக் கரையில் ஒரு விடுதியில் தங்கினேன். கடல் பார்த்த அறை. குழாயைத் திறந்து முகம் கழுவினால், எங்கள் கிணறு. சோப்பு நுரைக்கவில்லை. காவலுக்கு இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"குளிக்க இதுதான் சார். குடிக்கக் கேன் போட்டிருக்காங்க."

"எப்பவுமே இப்படித்தானா அண்ணாச்சி?"

"இல்ல சார். இந்த எடம் தோட்டமா இருக்கும்போது நல்ல தண்ணிதான். நானே எறைச்சிருக்கேன். சுத்தி வர போர் எறக்குனாக. ஒருத்தர் நூறுன்னா அடுத்தவர் எறநூறு. உப்பு மேல ஏறிருச்சு."

அவர் யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. வீட்டில் நடந்த சாவைச் சொல்வதுபோலச் சொன்னார். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்துச் சம்சாரிகள் கடல்நீர் நிலத்துக்குள் ஏறுவதைப் பற்றிப் பல காலமாக முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாழையும் முருங்கையும் வைத்திருப்பவன் உப்பை முதலில் இலையில் பார்க்கிறான்.

கடலுக்குள்ளும் இதே கதை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் முழுகிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் தீவுக்கு இருந்த மதில் போய்விட்டது, அலை நேராக வந்து மணலைத் தின்றது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான்தீவு சுருங்கிக்கொண்டே வந்தது. அதைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. பவளம் இருந்தவரை அந்தக் காவலுக்குச் செலவு கிடையாது.

திருச்செந்தூரில் 2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடந்தது. இப்போது பௌர்ணமிதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுக்கக் கடற்கரை மணலில் படுத்திருக்கிறார்கள். அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. நிலா வெளிச்சத்தில், துண்டை விரித்து, செருப்பைத் தலைக்கு வைத்து, பக்கத்தில் யாரென்று தெரியாமல் தூங்குகிற ஓய்வுக்கு ஈடு எந்த விடுதி அறையிலும் கிடையாது. விடிந்த பிறகு மணலில் கிடக்கும் பிளாஸ்டிக்கைத்தான் பார்க்க முடியவில்லை. வருகிறவர்கள் வரட்டும். அவர்கள் பாரத்தை இறக்கிவைக்கத்தான் கடல். குப்பையையும் சேர்த்து இறக்கிவைக்க அது ஒப்புக்கொள்ளவில்லை.

குமரிமுனைக்குப் போனால் 133 அடி வள்ளுவர் நிற்கிறார், 2000-ன் முதல் நாளிலிருந்து. அவருக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். சித்திரைப் பௌர்ணமியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் எல்லாக் கரையையும் குமரிமுனை ஆக்க நினைப்பதுதான் என் பயம். மணப்பாட்டுக் கழிக்கு ஓர் அமைதி, காயல் மணலுக்கு ஒரு கூச்சம், குலசைக்கு ஒரு வெறி, உவரிக்கு, அங்கே வந்து கிடக்கும் தீராத நோயாளிகளின் கண்ணீர். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடைபாதை, ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி எழுத்துப்பலகை வைத்துவிட்டால் மக்கள் ஒரே ஊருக்குத்தான் பலமுறை போய்வந்தவர்களாவார்கள்.

*

ஆச்சி தானியம் அளக்க வைத்திருந்த மரநாழி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. உழக்கு, உரி, நாழி, குறுணி என்று அவள் வாயில் வரிசையாக வரும். கடன் வாங்கிய கம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது தலைதட்டி வாங்குவாள். குவியலை உள்ளங்கையால் வழித்து விளிம்புக்குச் சமமாக்கி, போதும் என்பாள். கொடுக்கும்போது குவித்துக் கொடுப்பாள். கேட்டால், "வாங்குறது நாழி, குடுக்குறது குமிநாழி" என்பாள்.

எங்கள் ஊருக்குள் இப்போது தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. எப்போதாவது ஒரு நாள் வரும், அன்றைக்கு வீட்டில் உள்ள பாத்திரமெல்லாம் நிறையும். பழைய கிணறு மூடாமல் கிடக்கிறது. போன மாசம் திருச்செந்தூர் போய்த் திரும்பிய அன்று, பேரன் கிணற்றில் வாளி விட்டு ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"கடல் தண்ணி, தாத்தா."

நான் செம்பில் கொண்டுவந்திருந்த நாழிக்கிணற்றுத் தண்ணீரை அவன் கையைக் குவிக்கச் சொல்லி ஊற்றினேன். உள்ளங்கை நிறைந்ததும் நிறுத்திக்கொண்டேன்.